தீபாவளிப் படமும் நம் சம்பள நாளும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இந்து வாலிபர் சங்க மேடையில் சினிமாப் பேச்சா என்று ஒரு பெரியவர் வாசலிலேயே எம்மை மடக்கிவிட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நடிகர் நடிகையரின் புகழ்பாட நாம் இங்கு வரவில்லை. மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் ஆசிரியருக்குச் சிறு சன்மானமும் வேண்டும். அதற்காக மறுபடியும் ஓர் உதவிக்காட்சி நடத்தலாமென்று செயற்குழு எண்ணுகிறது. அதைத் தீபாவளியன்றே வைக்கவேண்டுமென்று ஒரு சாராரும், கூடாதென்று ஒரு சாராரும் நிற்கிறார்கள். நாம் கூடாதென்ற கட்சி. காரணத்தைச் சொல்லவே எழுந்தோம்.

முன்பொரு தீபாவளிக்கு நாம் பட்டகதை உங்களுக்குத் தெரியும். பட்டணத்துப் படமாளிகை ஒன்றில் ஒரு காட்சியை மொத்தமாகப் பேசி எடுத்தோம். பண்டிகை நாளென்று வாடகையைக் கூட்டிக் கேட்டார்கள்; கூட்டம் அலைமோதும் என்று நம்பிக் கொடுத்தோம். அன்று பிற்பகல் பிடித்த மழை நோட்டன் பிரிட்ஜ் பாலத்தைக் கண்ணுக்குத் தெரியவிடவில்லை. வீடுகளில் விருந்தினர். கையில் காசில்லை. மாலைக்காட்சி முடிந்தால் திரும்பிவர பஸ்ஸும் இல்லை. பாதிக்கு மேற்பட்ட ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அந்த வருடம் வகுப்புக்குப் போகவேண்டிய பணம் வாடகைக்குப் போயிற்று.

ஆனால், தீபாவளிப் படம் என்றால் வெற்றி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே படமாளிகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. 1952 ஒக்டோபர் 17இல், தீபாவளித் திருநாளில், ‘பராசக்தி’ வந்தது. சிவாஜி கணேசன் என்ற புதுமுகம் ஒரே நாளில் நாடறிந்த முகமாயிற்று. அதே படம் கொழும்பு மைலன் படமாளிகையில் ஏறத்தாழ 40 வாரம் ஓடியதாகச் சொல்வார்கள். பொங்கலும் சளைத்ததன்று. 1965 பொங்கலுக்கு ‘எங்க வீட்டுப் பிள்ளை’, அடுத்த பொங்கலுக்கு ‘அன்பே வா’, இரண்டும் எம்.ஜி.ஆருக்கு வெற்றி மாலைகள்.

இங்கே சற்று நின்று யோசிக்கவேண்டும். ‘ஹரிதாஸ்’ ஓடியது தீபாவளி நாளாலா? பண்டிகை ஒரு நாள். படமோ இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிற்று. பாகவதர் கொலை வழக்கில் சிறைக்குப் போனபிறகும் ஓடிற்று. பாகவதரின் பாட்டு பெருங் காரணம், ஐயமில்லை. இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை. அது யுத்தகாலம். பிலிம் சுருளுக்குத் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேற்படக்கூடாதென்று அரசாங்கம் கட்டளையிட்டிருந்தது. புதிய படங்கள் சொற்பம். எதிர்த்துவர ஆளில்லாத பந்தயத்தில் நல்ல குதிரை எவ்வளவு தூரமும் ஓடும்.

எதிர்ப்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1964 தீபாவளியைப் பாருங்கள். நவம்பர் 3ஆம் திகதி சிவாஜியின் ‘நவராத்திரி’, சிவாஜியின் ‘முரடன் முத்து’, எம்.ஜி.ஆரின் ‘படகோட்டி’ மூன்றும் ஒரே நாளில் வந்தன. ஒரே நாள், இரண்டு படத்துக்கு ஒரே கதாநாயகன். ‘நவராத்திரி’ கொடிகட்டிப் பறந்தது. ‘முரடன் முத்து’ அந்த அளவுக்கு எடுபடவில்லை. திகதிதான் வெற்றியைத் தருமென்றால் இரண்டும் சமமாக ஓடியிருக்க வேண்டாமா? அதற்காக, ஒரு நடிகரின் இரண்டு படம் மோதினால் ஒன்று விழுந்தே தீரும் என்றும் விதி வகுத்துவிட முடியாது. 1970 தீபாவளிக்குச் சிவாஜியின் ‘சொர்க்கம்’, ‘எங்கிருந்தோ வந்தாள்’ இரண்டும் சேர்ந்து வந்து இரண்டுமே நூறு நாள் கண்டன.

நமது காலத்திலும் இதே கதைதான். 2019 பொங்கலுக்கு ‘பேட்ட’யும் ‘விஸ்வாச’மும் ஜனவரி 10ஆம் திகதி சேர்ந்து வந்தன, இரண்டுக்கும் இடம் இருந்தது. 2024 தீபாவளிக்கு ‘அமரன்’, ‘பிரதர்’, ‘பிளடி பெக்கர்’ மூன்றும் ஒக்டோபர் 31இல் வந்தன. முதலாவது வாரிக்கொண்டு போயிற்று, மற்ற இரண்டும் மங்கின. மறுபுறத்தில், 1989 ஜூன் 16இல், ஒரு பண்டிகையும் இல்லாத நாளில், ‘கரகாட்டக்காரன்’ வந்தது. அது மதுரையில் ஓராண்டைக் கடந்து ஓடியது. அந்தத் தவிலுக்கும் நாயனத்துக்கும் நாள் நட்சத்திரம் யார் பார்த்தார்கள்!

பண்டிகைக் கூட்டத்துக்கென்று ஒரு குணமும் உண்டு. தாத்தா முதல் பேரன்வரை குடும்பத்தோடு வருகிற கூட்டம் அது. பாட்டும் சிரிப்பும் எதிர்பார்க்கும். 1954 ஏப்ரல் 13இல், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏவி.எம். ‘அந்த நாள்’ படத்தை வெளியிட்டது. எஸ். பாலசந்தர் இயக்கிய அதில் ஒரு பாட்டுக்கூட இல்லை. பிற்காலத்தில் மெச்சிய படத்தை அன்றைய கூட்டம் மெச்சவில்லை. எந்த நாளில் எந்தப் படம் என்பதிலும் பொருத்தம் பார்க்கவேண்டும் போலும். கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நமக்கு இது விளங்காத விஷயமன்று.

இதைப் பொருளாதாரக் கண்கொண்டு பார்த்தவர்களும் உண்டு. லிரான் ஐனாவ் என்ற பொருளியலாளர் அமெரிக்கப் படங்களின் வசூலை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விடுமுறைக் காலங்களில் வசூல் உயர்கிறதே, அது ஜனங்களுக்கு அப்போது படம் பார்க்க மனமிருப்பதாலா, அல்லது முதலாளிமார் சிறந்த படங்களையெல்லாம் அப்போதே கொண்டுவந்து குவிப்பதாலா என்பது அவர் கேள்வி. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஜனங்களின் விருப்பம். எஞ்சியது முதலாளிமார் குவிப்பது என்று கணக்கிட்டார். ஆகவே பண்டிகைக்கு உண்மையாகவே பலம் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவு அன்று.

இந்தக் கணக்கெல்லாம் பெருநகரங்களுக்கு. மலைநாட்டுக்கு வேறு கணக்கு. ஒருகாலத்தில் சென்னையில் தீபாவளிக்கு வந்த படம் கடல்கடந்து கொழும்பில் ஓடிக் களைத்து, பிறகே நம் பக்கம் ஏறிவரும். 1972இல் படம் தருவிப்பதும் விநியோகிப்பதும் அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போன பின்னர் இந்தியப் படங்கள் வருவது குறைந்தது, காலமும் நீண்டது. அங்கே தீபாவளிப் படம். இங்கே வந்துசேரும்போது எந்தப் பண்டிகைக்கும் சொந்தமில்லாத படம். இப்போதோ பெரிய படங்கள் சென்னையிலும் இலங்கையிலும் ஒரே நாளில் வெளியாகின்றன. அதனால்தான் தோழர்களுக்குத் தீபாவளி ஆசை பிடித்திருக்கிறது.

விடுமுறை என்பதே மனிதன் வகுத்துக்கொண்டதுதானே. 1966 முதல் 1971 வரை நம் நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் போயா தினமே வார விடுமுறையாக இருந்தது, முதியவர்களுக்கு ஞாபகமிருக்கும். ஆனால் லயத்தில் வாழ்கிறவனுக்கு மாறாத நாள் ஒன்று உண்டு. அது சம்பள நாள்.

தீபாவளிக்கு முற்பணம் வருகிறதே என்பீர்கள். வருகிறது. அது எங்கே போகிறது? கடைக்கடனுக்குக் கொஞ்சம், பிள்ளைகளின் துணிக்குக் கொஞ்சம், இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் பலகாரத்துக்கும் மிச்சம். பண்டிகை விடிவதற்குள் முற்பணம் முடிந்துவிடும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். அது கடன். கடன்பட்ட காசில் டிக்கட் எடுக்கச் சொல்லி, அந்த ஆதாயத்தில் அதே வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது எமக்குச் சம்மதமில்லை. கொழும்பிலே கடைகளில் வேலைசெய்யும் இளைஞர்கள் காசோடு வருவார்களே என்று ஒரு தோழர் சொன்னார். வருவார்கள், ஆனால் அந்த ஒருநாள் அவர்களைப் பெற்ற தாய்க்குச் சொந்தம். அவர்களில் பலர் படத்தைக் கொழும்பிலேயே பார்த்துவிட்டும் வருவார்கள்.

ஆகையால் எமது யோசனை இது. தீபாவளி கழிந்து, அடுத்த சம்பளமும் கைக்கு வந்து, அதையடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பகற்காட்சியாக எடுப்போம். வாடகையும் பண்டிகை வாடகையாக இராது; பேசிப் பார்க்க இடமுண்டு. படம் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் இருக்கும்; நல்லதா மட்டமா என்ற பேச்சு அதற்குள் கொழுந்து மலைவரைக்கும் வந்துசேர்ந்துவிடும். மட்டமானால் வேறு படம் கேட்போம். மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கிறது, முற்பகலிலேயே புறப்பட்டுவிடலாம். திரும்புவதற்கு இரண்டு பஸ்களை முன்னதாகப் பேசிவைக்கவேண்டும். அந்தச் செலவையும் டிக்கட் விலைக்குள் அடக்கிப் பார்த்தோம். முக்கால்வாசி ஆசனம் நிரம்பினால் வகுப்புக்கு ஆறு மாதச் செலவு கிடைக்கிறது. கணக்குக் கொப்பி பொருளாளரிடம் இருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன் விரும்பியவர்கள் அதை வாங்கிப் பார்க்கலாம்.