இணைத்துவிட்டால் போதுமா?



மலக்குடல் புற்றுநோயை அகற்றியபின், ஆசனவாயைக் காப்பாற்ற முடிந்தால், பெருங்குடலை அதனோடு இணைக்கிறோம். நேராக இணைப்பது எளிது. ஆனால் மலத்தைத் தேக்கி வைத்த பகுதியே போய்விட்டதே! சிலர் நாளைக்குப் பத்து தடவைகூட ஓடுவார்கள்; பஸ் ஏறவே பயப்படுவார்கள்.

இதற்காகத்தான் 1986-இல் பிரான்சில் லசோர்த், பார்க் ஆகிய இருவரும் தனித்தனியே ‘ஜே’ பை முறையை வெளியிட்டார்கள். குடல் நுனியை மடித்து 5, 6 செ.மீ. பையாகத் தைப்பது. பை பெரிதானால் மலம் முழுக்க வெளியேறாது. போக்கும் அவசரமும் குறைவது முதல் ஓராண்டில் தெளிவாகத் தெரியும். போகப்போக வித்தியாசம் சுருங்கும். இடுப்பு குறுகலாகவோ, குடல்தாங்கியில் கொழுப்பு மிகுந்தோ இருந்தால் பை கீழே இறங்காது. அப்போது குடலின் பக்கவாட்டை இணைக்கலாம். பலன் ஏறக்குறைய அதேதான்.

மாணவர்களே, கசிவில்லை, கட்டி திரும்பவில்லை என்று கேஸ் ஷீட்டை மூடிவிடாதீர்கள். “ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?” என்று கேளுங்கள். கூச்சத்தில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.