நேராக்கிய ஆறும் மீண்டும் வளைந்த ஆறும்

 

ஆறு என்றவுடன் இரு கரைகளுக்கிடையே ஓடும் நீரையே எண்ணுவது உலக வழக்கம். அந்நீர் கரை கடந்தால் அதனைப் பேரிடர் என்பர். ஆயினும் ஆற்றின் எல்லை கரையோடு முடிவதில்லை. மழைக்காலத்தில் நீர் பரவிச் சில திங்கள் தங்கி, மெல்ல வடிகின்ற தாழ்நிலமும் ஆற்றின் உடலைச் சேர்ந்ததே. அத்தாழ்நிலத்தை ஆற்றினின்றும் பிரித்த ஒரு நாடு, அதனை மீண்டும் இணைப்பதற்கு எத்துணைப் பாடுபட்டது என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

அமெரிக்க நாட்டின் தென்கிழக்கில் உள்ள மாநிலம் புளோரிடா. அங்கே கிஸ்ஸிம்மி என்னும் ஏரியிலிருந்து புறப்பட்டு, தெற்கே ஓக்கிசோபி என்னும் பேரேரியில் கலக்கும் ஆற்றுக்கும் கிஸ்ஸிம்மி என்றே பெயர். நில மட்டத்தில் பெரிய சரிவு இல்லாமையால் அந்த ஆறு பாம்புபோல நெளிந்து நெளிந்து 103 மைல் தொலைவு ஓடியது. அதன் இருபுறமும் ஒரு மைல் முதல் இரண்டு மைல் அகலத்திற்குச் சதுப்பு நிலம் விரிந்து கிடந்தது. ஆண்டின் பெரும்பகுதியில் அந்நிலத்தில் நீர் நின்றது. மீன்கள் அங்கே குஞ்சு பொரித்தன. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வாத்துகள் வந்து தங்கின. கொக்கும் அரிவாள் மூக்கனும் கூட்டங்கூட்டமாக இரை தேடின.

1947ஆம் ஆண்டில் வீசிய புயல்களால் தென் புளோரிடா வெள்ளக்காடாயிற்று. வீடுகளையும் வயல்களையும் இழந்த மக்கள் அரசிடம் பாதுகாப்புக் கேட்டனர். அவர்கள் கேட்டதில் தவறு காண இயலாது. வெள்ளத்தை விரைவில் வடித்துவிட வேண்டும்; அதற்கு வளைந்த ஆற்றை நேராக்க வேண்டும் என்பது அக்காலப் பொறியாளர்களின் முடிவு. 1962இல் தொடங்கி 1971இல் அப்பணி முடிந்தது. 103 மைல் ஆற்றுக்குப் பதிலாக 56 மைல் நீளமும் 30 அடி ஆழமும் சுமார் 300 அடி அகலமும் கொண்ட ஒரு வாய்க்கால் உருவாயிற்று. சி-38 என்று அதற்கு எண்ணிட்டனர். ஆறு தன் பெயரையும் இழந்தது.

அவ்வாய்க்கால் வெள்ளத்தை வடித்தது உண்மை. ஆனால் அதனோடு வேறு பலவும் வடிந்து போயின. சதுப்பு நிலம் வறண்டு மேய்ச்சல் தரையாயிற்று. பழைய ஆற்றின் வளைவுகள் ஓட்டமின்றித் துண்டு துண்டாய்த் தேங்கின. மிதக்கும் களைகள் அவற்றின் மேற்பரப்பை மூடின. மடிந்த செடிகள் அடியில் சேறாகப் படிந்து அழுகின. நீரில் உயிர்வளி குறைந்தது. தெளிந்த நீரில் வாழும் மீன்கள் அருகி, மேற்பரப்பில் வந்து காற்றைச் சுவாசிக்கவல்ல மீன்களே மிகுந்தன. குளிர்கால நீர்ப்பறவைகள் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிட்டன. மேய்ச்சல் நிலத்தின் உரச்சத்தும் சாணமும் கலந்த நீர், முன்போலச் செடிகளுக்கிடையே தங்கித் தெளிய வழியின்றி, நேரே ஓக்கிசோபி ஏரியைச் சென்றடைந்தது. ஓரறிவுயிர் முதலாக அந்நீரை அண்டி வாழ்ந்த அனைத்துக்கும் ஒரே காலத்தில் இடர் நேர்ந்தது.

வாய்க்கால் வெட்டி முடிந்த உடனேயே எதிர்ப்புக் குரல் எழுந்தது. 1976இல் புளோரிடா மாநிலமே ஆற்றை மீட்பதற்கெனச் சட்டம் இயற்றியது. ஆயினும் மண்வெட்டி எடுத்துத் தொடங்குவதற்குமுன் நெடுங்கால ஆய்வு தேவைப்பட்டது. அந்த ஆய்வு கற்பித்த பாடங்களே இங்கு நின்று எண்ணத்தக்கவை.

முதலில் எளிய வழி ஒன்றைச் செய்து பார்த்தனர். 1984 முதல் வாய்க்காலின் குறுக்கே மூன்று இடங்களில் தடுப்புச் சுவர் எழுப்பி, நீரைப் பழைய வளைவுகளுக்குள் திருப்பினர். நீர் ஓடத் தொடங்கியதும் அடிச்சேறு அரித்துச் செல்லப்பட்டது, மணல் வெளிப்பட்டது, உயிர்கள் திரும்பும் அறிகுறி தென்பட்டது. ஆனால் ஆழ்ந்த வாய்க்கால் அருகிலேயே இருந்தமையால், வெள்ளம் ஓய்ந்ததும் தாழ்நிலத்து நீர் மிக விரைவாக அதனுள் வடிந்துவிட்டது. மெல்ல வடிவதற்குப் பழகிய மீன்களுக்கும் செடிகளுக்கும் அந்த வேகம் ஒவ்வவில்லை. சிறு தடுப்புகள் போதா. வாய்க்காலையே மண்ணிட்டு மூடவேண்டும் என்னும் முடிவுக்கு வந்தனர்.

அடுத்த பாடம், ஆற்றை ஆற்றிடத்தில் மட்டும் நின்று சீர்செய்ய இயலாது என்பது. ஆண்டு முழுதும் ஆற்றில் ஓட்டம் இருக்கவேண்டுமாயின் தலைப்பகுதியிலுள்ள ஏரிகளில் முன்னிலும் அதிக நீரைத் தேக்கிப் பருவத்திற்கேற்ப விடவேண்டும். ஏரிநீர் உயர்ந்தால் சுற்றியுள்ள நிலங்கள் நனையும். தாழ்நிலத்தில் நீர் பரவினால் அங்குள்ள பண்ணைகள் மூழ்கும். ஆகவே ஒரு கூடை மண் விழுமுன் அந்நிலங்களை உரிமையாளரிடமிருந்து பெறவேண்டியிருந்தது. அவ்வாறு பெறப்பட்ட நிலம் ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேல்.

1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. 1999இல் வாய்க்காலை மூடும் பணி தொடங்கியது. அதனை வெட்டியபோது கரையோரம் மேடாகக் குவிக்கப்பட்ட மண்ணையே எடுத்து அதனுள் நிரப்பினர். 2000ஆம் ஆண்டில் குறுக்கே நின்ற மதகுகளுள் ஒன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பழைய வளைவுகள் எஞ்சியிருந்த இடங்களில் அவற்றை ஒன்றோடொன்று இணைத்தனர். அழிந்துபோன இடங்களில் புதிதாக வளைவுகளை வெட்டினர். 2021இல் கட்டுமானப் பணி நிறைவுற்றது. 22 மைல் வாய்க்கால் மூடப்பட்டது. 44 மைல் ஆறு மீண்டும் ஓடலாயிற்று. சுமார் 40 சதுர மைல் பரப்பில் ஆறும் தாழ்நிலமும் ஒன்றுசேர்ந்தன.

இக்கணக்கைச் சற்றே ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். 56 மைல் வாய்க்காலை வெட்ட ஒன்பது ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன. அதில் 22 மைலை மூட 22 ஆண்டுகள் ஆயின. வெட்டுவதற்கு ஆன செலவு சில கோடி டாலர். மீட்பதற்கு ஆன செலவு ஏறத்தாழ நூறு கோடி டாலர். இவ்வளவு செய்தும் ஆறு முழுமையாக மீளவில்லை. மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் வாய்க்கால் இன்றும் இருக்கிறது. ஏரிகளைச் சுற்றிப் பெருகிவிட்ட குடியிருப்புகளை வெள்ளத்திலிருந்து காக்க அது தேவைப்படுகிறது. ஒருமுறை மக்கள் குடியேறிவிட்ட நிலத்தை நீருக்குத் திருப்பித் தருதல் எளிதன்று.

இனி, செடிகளின் வரலாறு வியப்புக்குரியது. முப்பது ஆண்டுகள் மாடு மேய்ந்த அந்நிலத்தில் நீர் மீண்டும் நின்றபோது, சதுப்பு நிலச் செடிகள் பெரும்பாலும் தாமாகவே முளைத்தன. அம்புமுனை போன்ற இலையுடைய நீர்ச்செடியும், ஊதாக் கதிர்ப்பூக்கள் பூக்கும் நீர்ச்செடியும் மேய்ச்சல் புல்லை விலக்கி எழுந்தன. அவற்றின் விதைகள் அத்தனை ஆண்டுகளும் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்திருக்கின்றன. நீரின் ஆழம், நிற்கும் காலம், வடியும் வேகம் ஆகிய மூன்றும் பொருந்தியதும் அவை விழித்தன. செடிகளைத் தொடர்ந்து பூச்சிகளும், பூச்சிகளைத் தொடர்ந்து மீன்களும், மீன்களைத் தொடர்ந்து கொக்குகளும் வாத்துகளும் வந்தன.

ஆயினும் தாமே வந்தவற்றுள் வேண்டாதவையும் இருந்தன. நம் நாட்டிலும் மாட்டுத் தீவனமாக வளர்க்கப்படும் பாராப் புல் போன்ற அயல்நாட்டுப் புற்கள் நீரோரங்களைக் கவர்ந்துகொண்டன. அவற்றைக் களையும் பணி இன்னும் தொடர்கிறது. கட்டுமானம் முடிந்த நாளோடு மீட்புப்பணி முடிவதில்லை என்பதற்கு இது சான்று.

மண்ணில் விதை உறங்கிக் கிடந்தால் நீரைத் திருப்பினால் போதும். மண்ணே மூடப்பட்டிருந்தால் யாது செய்வது? இவ்வினாவுக்கு விடை சென்னையிலேயே உண்டு. அடையாறு கடலோடு கலக்குமிடத்தை அடுத்த உப்பங்கழிப் பகுதி நெடுங்காலம் கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டும் இடமாக இருந்தது. அங்கே 58 ஏக்கர் பரப்பில் கழிவுகளை அகற்றி, நீர் தங்கும் பள்ளங்களை ஆழப்படுத்தி, 2011இல் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. அம்மண் தானாக முளைப்பிக்கும் நிலையில் இல்லை. ஆதலின் சோழமண்டலக் கடற்கரைக்கு உரிய உலர் பசுமைக்காட்டு மரங்களையும், உவர்நீரில் வளரும் அலையாத்திகளையும் நாற்றாக வளர்த்துக் கையால் நட்டனர். அழகுக்கென்று அயல்நாட்டு மரங்களை நடாமல் மண்ணுக்குரியவற்றைத் தேடி நட்டமையே அப்பணியின் சிறப்பு.

இவ்விரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் செய்யவேண்டிய வேலையின் வரிசை விளங்கும். நீருக்கு இடம் தருதல் முதற்படி. ஓட்டத்தையும் தேக்கத்தையும் பருவத்தோடு பொருத்துதல் அடுத்தது. மண்ணில் எஞ்சியுள்ளவை முளைக்கின்றனவா என்று பொறுத்துப் பார்த்து, முளைக்காதவற்றை மட்டும் நடுதல் அதற்குப் பின்னர். களை எடுத்தலும் கண்காணித்தலும் என்றும் உள்ளவை. இவ்வரிசையை மாற்றி, நீர்வழியைச் சீர்செய்யாமல் கரையில் மரக்கன்று நட்டு விழா எடுத்தால், அடுத்த வெள்ளமோ அடுத்த கோடையோ அக்கன்றுகளைக் கொண்டுபோய்விடும்.

செய்யாற்றின் கரையிலும் தென்பெண்ணையின் கரையிலும் நிலம் உடைய குடும்பங்கள் பல இந்த அவையைச் சேர்ந்தவை. வயலை ஒட்டி ஓர் ஓடை வளைந்து செல்லும். பொக்லைன் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் அதனை நேராக்கிவிடலாம். அரை ஏக்கர் கூடுதலாகவும் கிடைக்கலாம். அந்த நாளில் கிஸ்ஸிம்மியை நினைத்தல் வேண்டும். ஓடையின் வளைவில்தான் நீர் வேகம் குறைந்து மண்ணுள் இறங்குகிறது, கிணற்றுக்கு ஊற்றாகிறது. அதன் கரையில் நிற்கும் நீர்மருதும் நாவலும் புங்கும் நொச்சியும், நீரோரத்து நாணலும் கோரையும் சம்பும் யாரும் ஊதியம் தராமலே கரையைக் காக்கின்றன. அவற்றை வெட்டாதிருத்தல் செலவில்லாத பணி. சீமைக்கருவேலும் காட்டாமணக்கும் புகுந்திருந்தால் அவற்றை வேரோடு களைதல் ஊரார் கூடிச் செய்யத்தக்க பணி.

வளைந்த ஓடையை வளைந்தபடியே விட்டுவைக்கும் ஒரு குடும்பம், பின்வரும் தலைமுறைக்குப் பெருஞ்செலவை மிச்சப்படுத்துகிறது. அதனினும் மேலாக, வாயில்லாப் பல உயிர்களுக்கு வாழ்விடம் தருகிறது. ஓடை ஓரத்தில் நிலம் உடையவர்கள் வீடு திரும்பியதும் பிள்ளைகளை உடனழைத்துக்கொண்டு அந்த ஓடையை ஒருமுறை முழுதும் நடந்து பார்க்க வேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள்.