பழைய படகு மோட்டார் வாங்கப் போகிறீர்களா?

ஃபைபர் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார், கைமாறி வருவது. விலை படிவதற்கு முன் மூடியைக் கழற்றி எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கிறதா? நீங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். நோஞ்சான் எஞ்சின்கூடச் சூட்டில் சட்டென்று கிளம்பிவிடும். ஆறவிட்டு, அப்புறம் கயிற்றை இழுங்கள்.

புதுப் பெயிண்ட் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அடியில் உப்பு அரித்த அலுமினியம் இருக்கலாம்.

கீழே கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கசியும் எண்ணெய் பால் விட்ட டீ மாதிரி இருந்தால், சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துணுக்கும் சேர்ந்து வந்தால் பல்சக்கரமே போய்க்கொண்டிருக்கிறது. பேரத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

கம்ப்ரஷன் மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போவது நல்லது. ஒரு சிலிண்டர் 120 காட்டி, பக்கத்துச் சிலிண்டர் 90 காட்டினால், உள்ளே ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருக்கக்கூடும். இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது.

பிறகு தண்ணீர் நிரம்பிய டிரம்மில் இறக்கி ஓட்டுங்கள். தண்ணீரில்லாமல் ஓட்டவே கூடாது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பக்கவாட்டுச் சிறு துளையிலிருந்து பீய்ச்சி அடிக்க வேண்டும். வெறுமனே சொட்டுகிறதா? துளையில் உப்பு அடைத்திருக்கலாம், அல்லது தண்ணீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். இரண்டுமே சின்னச் செலவுதான். ஆனால் அப்படியே எத்தனை நாள் கடலில் ஓட்டினார்கள் என்று கேளுங்கள். பதில் எதுவானாலும், சிலிண்டர் தலைப்பக்கம் பெயிண்ட் கருகியிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.