தோற்றவனுக்கும் நாற்காலி போடுங்கள்

(அக்கரப்பத்தனையில் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்காக நடந்த தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



இந்த மழையிலும் டயகம, வேவர்லி, டொரிங்டன் பக்கமிருந்தெல்லாம் வந்திருக்கிறீர்கள். இன்றைய தலைப்பு சமாதான ஒப்பந்தங்கள். "நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று ஒரு தலைவர் வாசலிலேயே கேட்டுவிட்டார். நாம் செய்கிற ஒவ்வொரு வேலைநிறுத்தமும் ஒரு சமாதான ஒப்பந்தத்தில்தானே முடிகிறது? அதனால் என் சொந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், கொழுந்து நிறுப்பதில் தகராறு. பதினொரு நாள் வேலைநிறுத்தம் செய்து வென்றோம். தராசைச் சரிபார்க்க நிர்வாகம் ஒத்துக்கொண்டது. நமக்கு வேண்டியதும் அதுதான். அத்தோடு விட்டிருக்கலாம். கணக்கப்பிள்ளை பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனையும் போட்டோம். போடச் சொன்னவர்களில் நானும் ஒருவன். மனிதர் கேட்டார். நாம் கைதட்டினோம். மறுநாளிலிருந்து அவர் ஒவ்வொரு கூடையையும் கையை விட்டுக் கிளறிப் பார்த்தார். ஈரம் என்றார், முற்றல் இலை என்றார், கிலோவைக் கழித்தார். தராசில் பிழையே இல்லை. எட்டு மாதத்தில் மறுபடி வேலைநிறுத்தம். அந்தத் தடவை தோற்றோம்.

அந்தக் கைதட்டலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெர்சாய் ஞாபகம் வரும். பிரான்சில் வெர்சாய் என்ற அரண்மனையில் ஒரு கண்ணாடி மண்டபம் உண்டு. 1871 இல் பிரான்சைத் தோற்கடித்த ஜெர்மனிக்காரர்கள், தங்கள் பேரரசை அந்த மண்டபத்தில் வைத்தே பிரகடனம் செய்தார்கள். தோற்றவன் வீட்டுக் கூடத்தில் வென்றவன் கல்யாணம் நடத்திய மாதிரி. ஐந்நூறு கோடி பிராங்க் நட்டஈடும் வாங்கினார்கள், இரண்டு மாகாணங்களையும் எடுத்துக்கொண்டார்கள். பிரான்ஸ் அதை நாற்பத்தெட்டு வருடம் மறக்கவில்லை. முதலாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும், 1919 ஜூன் 28 அன்று அதே மண்டபத்துக்கு அவர்களை அழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். போருக்கான பொறுப்பை ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் ஏற்க வேண்டும் என்று ஒரு பிரிவு. நட்டஈடு பிறகு 13,200 கோடி தங்க மார்க் என்று முடிவானது. நிபந்தனைகளை எழுதும்போது ஜெர்மனியைப் பேச்சுக்கு உட்கார வைக்கவே இல்லை. எழுதி முடித்ததை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

ஹிட்லர் இந்த ஒரு காகிதத்தால் மட்டும் வந்தவன் என்று நான் சொல்ல மாட்டேன். 1929 இல் வந்த உலகப் பொருளாதார வீழ்ச்சியும், வேலையில்லாத இலட்சக்கணக்கான பேரும், அவனுக்குக் கதவு திறந்துவிட்ட பெரிய முதலாளிகளும் இருந்தார்கள். ஆனால் மேடைக்கு மேடை அவன் காட்டியது இந்தக் காகிதத்தைத்தான். 1940 இல் பிரான்சைத் தோற்கடித்ததும் அவன் முதலில் தேடியது என்ன தெரியுமா? 1918 இல் ஜெர்மனி போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்திட்ட அந்த ரயில் பெட்டியை. காட்சிசாலையிலிருந்து அதை வெளியே இழுத்து, பழைய இடத்திலேயே நிறுத்தி, அதற்குள் பிரான்சிடம் கையெழுத்து வாங்கினான்.

இரண்டாம் போர் முடிந்தபோது உலகம் கொஞ்சம் பாடம் படித்திருந்தது. 1951 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான மாநாடு. 1942 இல் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட அதே ஜப்பான். இலங்கையின் நிதி அமைச்சராகப் போன ஜே.ஆர். ஜயவர்தன, பகையைப் பற்றிய புத்தரின் போதனையை நினைவூட்டி, எங்களுக்கு நட்டஈடு வேண்டாம் என்றார். ஜப்பான்காரர்கள் அதை இன்றைக்கும் நன்றியோடு சொல்கிறார்கள். நல்ல பேச்சு, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே ஜே.ஆர். இருந்த அமைச்சரவைதான் 1948 இல் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து நம்மை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் வாக்குரிமையையும் எடுத்தது. குண்டு போட்டவனுக்குக் கருணை, கொழுந்து பறித்தவளுக்கு இல்லை.

1947 தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமானும் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் நம் வாக்கில் வென்றார்கள். அதற்குப் பிறகு தோட்டத்து மக்களின் வாக்கில் ஒருவர் பாராளுமன்றம் போக 1977 வரை, முப்பது வருடம், காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் டில்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974 இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். இரண்டு நாடுகளுக்கும் அது சமாதானம். அந்த மேசையில் நமக்கு மட்டும் நாற்காலி இல்லை.

விண்ணப்பம் கேட்டபோது என்ன நடந்தது? இங்கேயே இருக்கிறோம் என்று எழுதியவர்கள் அந்த மூன்று இலட்சத்தை வெகுவாகத் தாண்டினார்கள். இந்தியாவுக்கு எழுதியவர்கள் கணக்குக்குக் குறைவு. மனிதர்கள் கணக்குக்கு வரவில்லை, ஆனால் கணக்கு மனிதர்களைத் தள்ளிக்கொண்டுதான் போனது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி புறப்படும்போது எழுந்த அழுகையை இங்கே இருக்கிற பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போனவர்களை நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம், சிலோன்காரர் என்றார்கள். இருந்தவர்களை இங்கே இந்தியாக்காரர் என்றார்கள்.

சண்டை அத்தோடு முடிந்ததா? நம் பிரஜாவுரிமை விஷயத்தில் தமிழ்க் காங்கிரஸ் உடைந்துதான் 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பின்னாளில் முப்பது வருடப் போராக வெடித்த வழக்கின் முதல் பக்கங்களில் நம்முடைய பெயரும் இருக்கிறது. 1977 மே மாதம், தோட்டக் காணிகளை வெளியாருக்குப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து எழுந்தபோது டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். 1977 இலும் 1983 இலும் அடிபட்டவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியிருந்தார்கள். போர் அங்கேயும் அவர்களைத் தேடி வந்தது. கடைசியில் 2003 இல் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்துதான், இங்கே மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. 1948 இலிருந்து கணக்குப் பாருங்கள், ஐம்பத்தைந்து வருடம்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதித் தோட்டம் ஒன்றில் ஒன்பது நாளாக வேலைநிறுத்தம் நடப்பது உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை பேச்சுவார்த்தை. நிர்வாகம் அனுப்பிய நிபந்தனைக் கடிதத்தை வாசித்தேன். கிலோக் கணக்கைப் பற்றி இரண்டே வரி. மீதி முழுவதும், மூன்று தலைவர்களும் மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், ஒன்பது நாளுக்கும் தண்டமாக இன்னும் சம்பளம் வெட்டப்படும், இனிமேல் பெரட்டுக் களத்தில் கூட்டம் கூடக் கூடாது. இதில் கையெழுத்து வைத்தால் மறுநாள் வேலை நடக்கும். எத்தனை மாதத்துக்கு நடக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு கடிதம் தயாராகியிருக்கிறது. அதையும் வாசித்தேன். ஆறாவது கோரிக்கை, வெளிக்கள உத்தியோகத்தர் லயத்து வாசலுக்கு வந்து நம் பெண்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறது. அவர் பேசிய பேச்சு கேவலமானது, அதில் சந்தேகமே இல்லை. அதற்கு முறைப்படி முறைப்பாடு கொடுப்போம், விசாரணை கேட்போம், அதை விடவே கூடாது. லயத்து வாசல் வேண்டாம் என்பது என் கருத்து. எனக்கு அந்தப் பழைய கைதட்டல் ஞாபகத்தில் இருக்கிறது. கோபமாகப் பார்க்கிற அக்காமாரே, உங்கள் கோபம் நியாயமானது. மாற்றுக் கருத்து இருந்தால் இப்போதே எழுந்து சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

அந்தத் தோட்டத்திலிருந்து பேச்சுவார்த்தைக்கு நான்கு ஆண்களின் பெயர்தான் வந்திருக்கிறது. பேச்சு வாங்கியது கொழுந்து பறிக்கிற பெண்கள், மேசைக்குப் போவது ஆண்கள். தேநீர் முடிந்ததும் மாதர் தலைவிகள் இரண்டு பேர் பெயர் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் இங்கிருந்து புறப்படும்.