மிச்சம் இருக்கிற பாடமா, நாம் கேட்கிற பாடமா?

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கான வழிகாட்டல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"மார்க் கம்மி, அதனால பி.ஏ." இந்த மண்டபத்துக்குள் வந்ததிலிருந்து நான்கு பேர் என்னிடம் இதைச் சொல்லிவிட்டார்கள். நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்கள். பி.காம்., கணினி அறிவியல் எல்லாம் மேலே, வரலாறும் பொருளியலும் தமிழும் கீழே என்று ஒரு அடுக்கு. அடுக்கு என்றால் என்னவென்று நமக்கா தெரியாது?

நான் சேரப் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "உங்க ஆளுங்களுக்கு வரலாறு போதும்ல" என்றார். எந்தக் கல்லூரி என்பது இப்போது வேண்டாம். நான் வரலாறு கேட்டுத்தான் போயிருந்தேன். அவருக்கு அது புரியவே இல்லை.

பாபாசாகேப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாதவருக்கு அது கிடையாது என்று சொல்லிவிட்டதால் பாரசீகம் படித்தார். அப்படிப்பட்டவர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். அங்கே பொருளியலில் மட்டும் 29 பாடங்கள் எடுத்தார். வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. போதாததற்குக் கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் ஜெர்மன். முதன்மைப் பாடம் பொருளியல்தான். ஆனால் 1916இல் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை அவர் வாசித்தது மானிடவியல் கருத்தரங்கில். பக்கத்துப் பாடம் என்று அதை அவர் விட்டிருந்தால்? நம் கல்லூரிகளில் துணைப்பாடத்தையும் விருப்பப்பாடத்தையும் "எது ஈஸி" என்று சீனியரிடம் கேட்டு எடுக்கிறோமே, அதனால் சொல்கிறேன்.

இனி கலந்தாய்வுக்கு வருவோம். அரசு கலைக் கல்லூரியில் உங்களுக்கு ஒரே தரவரிசை இல்லை. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்றவற்றுக்கு மீதி நான்கு பாடங்களின் 400. கணக்கில் சறுக்கிய பிள்ளை தமிழ்ப் பட்டியலில் முதல் பக்கத்தில் இருக்கலாம். பார்க்காமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

100 இடத்தில் 31 பொதுப் போட்டிக்கு. அது முன்னேறிய சாதிகளின் ஒதுக்கீடு அல்ல, எல்லாருக்குமானது. உங்கள் தரவரிசை அங்கே எட்டினால் அந்த இடத்தைக் கேளுங்கள். பட்டியல் சாதியினருக்கான 18 இடத்தில் உங்களை எழுதினால், உங்களுக்குப் பின்னால் நிற்கிற நம் பிள்ளை ஒருவர் வெளியே போகிறார். அந்த 18க்குள் அருந்ததியருக்கு 3 உண்டு, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது குரல் நடுங்கும், பரவாயில்லை. கூட யாராவது வருகிறோம்.

அடுத்தது பயிற்று மொழி. இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் வேலை என்றால் ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை தமிழ்வழி என்று காட்ட வேண்டும். பன்னிரண்டு வருடம் தமிழ்வழியில் வந்துவிட்டு, கௌரவத்துக்காகக் கல்லூரியில் ஆங்கிலவழி எடுத்தால் அது கையைவிட்டுப் போகும். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பகுதி இரண்டில் ஆங்கிலம் எப்படியும் வருகிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆங்கில இலக்கியமே வேண்டும் என்கிற தங்கை தாராளமாக எடுக்கட்டும், விலை தெரிந்து எடுக்கட்டும்.

ஆசிரியராக நினைப்பவர்களுக்கு ஒன்று. தமிழ், ஆங்கிலம், வரலாறு, புவியியல் படித்தால் இளங்கலையோடு பி.எட். போகலாம். பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல் என்றால் முதுகலையும் முடிக்க வேண்டும். அதாவது இன்னும் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தை உங்கள் வீடு தாங்குமா என்று அம்மாவிடம் இப்போதே பேசுங்கள். தாங்கும் என்றால் பொருளியலை விடாதீர்கள். ரூபாயின் மதிப்பைப் பற்றி 1923இல் நூல் எழுதியவரின் பிள்ளைகள் நாம். பட்ஜெட்டில் நமக்கான நிதி எங்கே போனது என்று கணக்குக் கேட்க ஆள் போதவில்லை.

மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் கொண்டுவந்தவர்கள் வலதுபக்க மேசைக்கு வாருங்கள். தலையைக் குனிந்த அந்த நான்கு பேரும் முதலில் வரலாம்.