காசில்லாதவருக்கும் லண்டனில் வாசல் உண்டு



லண்டனில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போய், இரண்டு மாதம் தங்கிவரும் பெற்றோர் இப்போது நம் ஊர்களில் நிறையப் பேர். மேல்படிப்புக்குப் போன பிள்ளைகளும் அங்கே ஏராளம். இரு தரப்புக்கும் கவலை ஒன்றுதான். ஒரு காபியின் விலையை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்ததுமே வெளியே கால் வைக்கத் தோன்றாது. கோட்டையைப் பார்க்க, ராட்டினத்தில் ஏற என்று எல்லாவற்றுக்கும் கைநிறையப் பணம் வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் உலகப் புகழ்பெற்ற அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது என்றால் நம்மவர்கள் சட்டென்று நம்புவதில்லை. நம்பிப் போகிறவர்களும் கூச்சத்தோடு போகிறார்கள். வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கிறது. அதில் எதுவும் போடாமல் கடந்து போனால் யாராவது ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறார்கள்.

தயங்கவே வேண்டாம். காசில்லாதவர்களும் வரவேண்டும் என்று பலர் வாதாடித் திறந்துவைத்த வாசல்கள் அவை.

டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நேஷனல் கேலரியை எடுத்துக்கொள்வோம். 1824-இல் ஆங்கர்ஸ்டைன் என்பவரின் சேகரிப்பிலிருந்த 38 ஓவியங்களை அரசு விலைக்கு வாங்கி, அவருடைய வீட்டிலேயே மக்களுக்குக் காட்டத் தொடங்கியது. 1838-இல் சதுக்கத்தில் புதுக் கட்டடம் திறந்தார்கள். மேற்கே வசிக்கும் செல்வர்கள் வண்டி கட்டிக்கொண்டு வரலாம், கிழக்கே இருக்கும் ஏழைகள் நடந்தே வந்துவிடலாம் என்பது அந்த இடத்துக்கு இருந்த சிறப்பு. பிறகு நகரத்து நிலக்கரிப் புகை ஓவியங்களைக் கெடுக்கிறது என்று புகார் எழுந்தது. காற்று சுத்தமாக இருக்கும் கென்சிங்டன் பக்கம் கொண்டுபோய்விடலாம் என்று யோசனையும் வந்தது. 1857-இல் ஓர் ஆணையம் இதை விசாரித்தது. அப்போது கோல்ரிட்ஜ் என்ற நீதிபதி எடுத்துவைத்த வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஓவியம் பத்திரமாக இருப்பது மட்டும் நோக்கம் ஆகாது, மக்கள் வந்து பார்த்து மகிழ்வதற்குத்தான் ஓவியமே என்றார் அவர். கேலரி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

அதே 1857-இல்தான் சவுத் கென்சிங்டனில், பிற்காலத்தில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் என்று பெயர் பெற்ற அருங்காட்சியகமும் திறந்தது. அதன் முதல் இயக்குநர் ஹென்றி கோல், காட்சிக்கூடங்களில் எரிவாயு விளக்குப் போட்டு ராத்திரியிலும் திறந்துவைத்தார். பகலெல்லாம் பட்டறையில் உழைக்கிறவன் வேறு எப்போது வருவான்? சாராயக்கடைக்குப் போகும் நேரத்தில் அவன் குடும்பத்தோடு இங்கே வரட்டும் என்பது அவர் எண்ணம்.

அங்கே போனால் வார்ப்புக் கூடத்தை விட்டுவிடாதீர்கள். 1873-இல் திறந்தது. ரோம் நகரத்தில் நிற்கும் டிராஜன் தூணை அடி முதல் நுனி வரை பிளாஸ்டரில் அச்செடுத்து, கூரை இடிக்கும் என்பதால் இரண்டு துண்டாக்கி அருகருகே நிறுத்தியிருக்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கலாம். படை ஆற்றைக் கடப்பது, மரம் வெட்டுவது, அரண் கட்டுவது என்று இரண்டு போர்களின் கதை தூணைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஃபுளோரன்ஸ் நகரத்து மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலைக்கும் அங்கே அதே அளவில் நகல் உண்டு. இத்தாலிக்குப் போக வசதியில்லாத மாணவர்களும் தொழிலாளிகளும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று வைத்தவை இவை. நகல்தானே என்று நான் ஒருபோதும் அவற்றைக் குறைத்து நினைத்ததில்லை.

இந்த இலவசத்துக்கும் இடையில் சோதனை வந்தது. 1974-இன் தொடக்கத்தில் கட்டணம் போட்டார்கள், எதிர்ப்பு கிளம்பி மூன்றே மாதத்தில் எடுத்துவிட்டார்கள். எண்பதுகளில் சில அருங்காட்சியகங்கள் மறுபடியும் வசூலிக்க ஆரம்பித்தன. வரிச் சட்டத்தைத் திருத்தி, 2001 டிசம்பர் முதல் தேதி முதல்தான் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் கூடங்கள் எல்லாம் மீண்டும் இலவசமாயின. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் இன்றைக்கும் டிக்கெட் உண்டு. அதை விட்டுவிட்டாலும் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சரி, எப்படிப் போவது? முதலில், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். பணம் கொடுத்து உள்ளே போனால்தான் கொடுத்த காசுக்கு முழுக்கப் பார்க்க வேண்டும் என்று கால் நோக ஓடுவோம். இங்கே அந்த நிர்ப்பந்தம் இல்லை. இன்றைக்கு ஒரு கூடம், அடுத்த வாரம் இன்னொரு கூடம். ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். போக்குவரத்துக்குப் பஸ்தான் சிக்கனம். ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரு பயணத்துக்கான கட்டணம்தான். ஆனால் நடத்துநரிடம் சில்லறை நீட்டுகிற வழக்கம் அங்கே இல்லை, கார்டு வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் பிரிட்டிஷ் மியூசியம் இரவு எட்டரை வரை, நேஷனல் கேலரி ஒன்பது வரை, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் பத்து மணி வரை. வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது வசதி. சாப்பாட்டுக்கு உள்ளே இருக்கும் உணவகத்தை நம்ப வேண்டாம். புளியோதரையோ சப்பாத்தியோ டப்பாவில் எடுத்துப் போங்கள். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அருகிலேயே ரஸ்ஸல் சதுக்கப் பூங்காவில் பெஞ்சுகள் உண்டு. பெட்டி படுக்கையோடு மட்டும் போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் எல்லோரும் எகிப்துப் பிணப்பேழைகளைத் தேடித்தான் ஓடுவார்கள். நீங்கள் 33-ஆம் எண் கூடத்துக்குப் போங்கள். அதன் ஒரு கோடியில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வெளிர் நிறச் சுண்ணாம்புக் கற்கள் வரிசையாக நிற்கும். ஆந்திரத்தின் அமராவதியில் இருந்த பௌத்தத் தூபியிலிருந்து வந்தவை. அவற்றில் ஒரு பலகையில் இரண்டு பக்கமும் சிற்பம். ஒரு பக்கம், மரத்தடியில் காலியாக ஒரு இருக்கை, கீழே பாதச் சுவடுகள், சுற்றிலும் கைகூப்பும் அடியவர்கள். புத்தர் உருவம் இல்லை. அது கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டு வேலை. முந்நூறு, நானூறு ஆண்டு கழித்து யாரோ அதே கல்லைத் திருப்பி, பின்பக்கத்தில் தூபி முழுவதையும் செதுக்கினார்கள். குவிமாடம், வேலி, ஐந்து தூண்கள், சிங்கங்கள், எல்லாம் உண்டு. அசல் தூபி இன்று வெறும் மேடாகிவிட்டது. அது எப்படி இருந்தது என்பதை இதுபோன்ற கற்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

இந்தக் கற்கள் பலவும் சென்னை வழியாகப் போனவை. 1845-இல் வால்டர் எலியட் என்பவர் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். இங்கே வெட்டவெளியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. 1859-இல் கப்பலேறி லண்டன் போயின. வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்கலாமா என்று அங்கே அவ்வப்போது பேச்சு எழுகிறது. நம் மண்ணிலிருந்து போன கல்லைப் பார்க்க நம்மிடமே காசு கேட்பது நியாயமாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

லண்டன் பயணம் வாய்க்காதவர்கள் மனம் சோர வேண்டியதில்லை. அதே தூபியின் சிற்பங்களில் பெரும் பகுதி சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு. எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, மற்ற நாளில் போங்கள்.