துயிலும் கருவி எழாவிடில்



பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு, மாலையில் ஊரிலுள்ள பெற்றோருடன் கணினி வழியே உரையாடுவது நாள் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு பேச அமர்ந்த ஒரு நாள், லினக்ஸில் இயங்கும் நம் பழைய மடிக்கணினி நமது குரலைக் கொண்டு செல்ல மறுத்தது. "ஒன்றும் கேட்கவில்லையே!" என்று அம்மா தவித்தார். யுஎஸ்பி ஒலிவாங்கியைக் கழற்றிச் செருகினோம், பேசிற்று. மறுநாள் மீண்டும் ஊமையாயிற்று. புதியது வாங்கவும் துணிந்தோம்.

நோய் வேறிடத்தில் இருந்தது. மின்கலம் நெடுநேரம் தாங்கட்டும் என்று பவர்டாப் என்னும் நிரலை முன்னரே நிறுவி, அதன் தானியங்கிச் சீரமைப்பைக் கணினி எழும்போதெல்லாம் இயங்குமாறு செய்திருந்தோம். அது யுஎஸ்பி கருவிகள் அனைத்தையும் துயிலுக்கு உரியவை ஆக்கிவிட்டது. வேலையற்றிருக்கும் கருவியை, வேறு ஏற்பாடு இல்லையேல், 2 வினாடியில் கெர்னல் உறங்க வைக்கும். விழித்திருக்கையில் 500 மில்லியாம்பியர் வரை பெறக்கூடிய யுஎஸ்பி 2.0 கருவி, துயிலில் 2.5 மில்லியாம்பியருக்கு மேல் கொள்ளலாகாது. நல்ல சிக்கனமே. ஆனால் சில கருவிகள் உறங்கினால் ஒழுங்காக எழுவதில்லை. அதனாலன்றோ கெர்னல், தானாக விட்டால், ஹப் போன்ற சிலவற்றை மட்டுமே உறங்க விடுகிறது!

சிஸ் அடைவினுள் ஒவ்வொரு யுஎஸ்பி கருவிக்கும் ஓர் அடைவு உண்டு. அதற்குள் பவர் அடைவில் கண்ட்ரோல் என்றொரு கோப்பு. அதில் 'ஆட்டோ' என்றிருந்தால் கருவி உறங்கலாம். 'ஆன்' என்றிருந்தால் உறங்காது. 'ஆன்' என்றதும் சிக்கனம் நடைபெறுகிறது என்று நாமும் முதலில் மயங்கினோம், பொருள் நேர்மாறானது. ரூட் உரிமையுடன் அச்சொல்லை எழுதினோம். ஒலிவாங்கி விழித்தே இருந்தது.

கணினியை அணைத்தால் இம்மாற்றம் அழிந்துவிடும். எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் கருவியின் இரு எண்களைக் கொண்டு யூடெவ் விதி எழுதுவது பொதுவான வழி. எனினும் பவர்டாப் பின்னர் வந்து அவ்விதியை மாற்றிவிடக்கூடும். ஆதலின் அந்நிரல் முடிந்த பிறகே 'ஆன்' எழுதப்படுமாறு ஏற்பாடு செய்தோம். துயிலையே முற்றும் நிறுத்த, கணினி எழும்போது கெர்னலுக்கு யுஎஸ்பிகோர் ஆட்டோசஸ்பெண்ட் மதிப்பை −1 என்று கொடுப்போரும் உளர். ஒரு கருவிக்காக எல்லாவற்றையும் விழித்திருக்கச் செய்வது நமக்கு ஒப்பவில்லை.

மறுநாள் மாலை அம்மாவின் முதற் கேள்வி, "சாப்பிட்டாயிற்றா?" என்பதே.